ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டருக்குத் தரிப்புத் தண்டம்

அனலைதீவு,
04.09.2025, வியாழக்கிழமை.

மாண்புமிகு குறைகேள் அதிகாரி அவர்கள்,
கொழும்பு.

ஐயா அல்லது அம்மணி,

தற்போது அந்தக் கதிரையில் இருப்பவர் யார் என்பதை உறுதி செய்ய முடியாததால் இப்படித் தொடங்குகிறேன். உறுதி செய்யாததை எழுதும் பழக்கம் எனக்கில்லை. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், இந்த உறையை உடைத்து முதலில் படிக்கப்போகும் உத்தியோகத்தரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி சறோஜினிதேவியும், அவருடைய இரண்டு முழங்கால்கள் நீங்கலாக, சுகம்.

கடைசியாக உறுதி செய்யப்பட்ட தகவல் இது: எனது ஸ்கூட்டர் வருகிற 8ஆம் திகதி திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஊர்காவற்றுறைப் பக்கத்து இறங்குதுறையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப்பட்டு, பிரதேச சபையின் முற்றத்துக்குக் கொண்டு செல்லப்படும். தகவல் தந்தவர் சபையின் வருமானப் பரிசோதகர் நிலாந்தினி, இன்று காலை 10.20க்கு, தொலைபேசியில். அதைத் தடுக்க வேண்டுமானால், "எனது வாகனத்தைக் கைவிட்டு, நோயாளர் காவு வண்டி திரும்பும் இடத்தை மறித்தேன்" என்று அச்சடித்த படிவத்தில் நான் கையொப்பமிட்டுத் தண்டத்தையும் கட்ட வேண்டும். தண்டம் எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. அது பெரிதுமில்லை, பிரச்சினையுமில்லை. பிரச்சினை செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் 9ஆம் திகதி என் மனைவிக்குக் கிளினிக். இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய், எங்கள் தீவிலிருந்து முதல் படகில் போய், துறையில் இறங்கி, அங்கே நிற்கும் எங்கள் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிட நடைதான். என் மனைவியின் முழங்கால்களுக்கு அது ஒன்றரை மணித்தியாலம், இடையில் மூன்று மதகுகளில் இருந்து எழும்ப வேண்டும். படகு வரும் நேரத்தில் ஆட்டோக்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடும். பஸ், படகு வருவதற்கு நாலு நிமிடத்துக்கு முன்னர் புறப்படும். இதை நான் பதினொரு தடவை நேரம் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே ஸ்கூட்டர் போனால் கிளினிக் போனது மாதிரித்தான்.

எங்கள் துறையின் நடைமுறையைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. சின்னத் தீவுகளில் இருப்பவர்கள் கரையில் ஒரு வண்டி வைத்திருப்போம். அது அங்கேயே, வேப்பமரத்தின் கீழ், நாட்கணக்கில் நிற்கும். வெயிலுக்கும் காகத்துக்கும் பயந்து ஆசனத்தில் ஒரு சாக்கைக் கட்டிவிடுவோம். திறப்புகளைத் தேநீர்க்கடை ஜசிந்தாவின் சுவரில் ஆணியில் கொழுவுவோம். என்னுடையது ஒன்பதாவது ஆணி. சீமெந்து இறக்குபவர்கள், வலை காயப்போடுபவர்கள், யாருக்கு இடம் தேவையோ அவர்கள் வண்டிகளை அங்கே இங்கே தள்ளி வைப்பார்கள். ஒருவரும் கோபிப்பதில்லை. வந்தவுடன் நாங்கள் தேடுவது சாக்கைத்தான். இலக்கத் தகடு பொலிசுக்கு, சாக்கு எங்களுக்கு. என் சாக்கு நீல நிற யூரியாச் சாக்கு, ஒரு மூலையில் நெருப்புப் பட்ட ஓட்டை. ஜூன் 21ஆம் திகதி சனிக்கிழமை சோளகக் காற்றில் ஒரு கொப்பு முறிந்து, சாக்கெல்லாம் பறந்து, ஆட்கள் வண்டிகளை அவசரமாக இழுத்து ஒதுக்கிய போதும், ஜூலை முதலாம் திகதி நான் போய்ப் பார்க்கையில் என் சாக்கு என் ஸ்கூட்டரில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. அப்படி நம்பிக்கையான துறை அது.

இனி விடயத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட் 28ஆம் திகதி பதிவுத் தபாலில் சபையிடமிருந்து "இறுதி அறிவித்தல்" அந்தப் படிவத்தோடு வந்தது. முதல் அறிவித்தலே வராதவனுக்கு இறுதி அறிவித்தல். அதில் என் பெயர் சரி, விலாசம் சரி, ஸ்கூட்டரின் இலக்கமும் என் வாகனப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துச் சரி. மிச்சம் எல்லாம் பிழை. ஜூலை 29 காலை 9.40, ஓகஸ்ட் 12 காலை 9.40, ஓகஸ்ட் 26 காலை 10.05 ஆகிய மூன்று பரிசோதனைகளிலும் மேற்படி வாகனம் அதே இடத்தில், அசையாமல், நோயாளர் காவு வண்டி திரும்பும் இடத்தில் நின்றதாம். ஒவ்வொரு முறையும் அதில் அறிவித்தல் ஒட்டப்பட்டதாம்.

மூன்று திகதியும் கிளினிக் நாள். கிளினிக் கொப்பியில் ஆஸ்பத்திரி முத்திரையும் தாதி கையால் எழுதிய நேரமும் இருக்கின்றன: 9.35, 9.50, 9.45. போட்டோப் பிரதிகளை இணைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் ஸ்கூட்டர் ஆஸ்பத்திரி வாசலில், என் கண் முன்னால் நின்றது. அதில் ஒரு அறிவித்தலும் ஒட்டியிருக்கவில்லை, சாக்கைத் தவிர. சும்மா நின்றது என்பதும் அபாண்டம். ஜூலையிலிருந்து அந்த ஸ்கூட்டர் முந்தி எப்போதும் ஓடாத மாதிரி ஓடுகிறது. நாலு வருடமாக அடிக்காத ஹோர்ன் இப்போது அடிக்கிறது. முன் பிரேக் பிடிக்கிறது. ஜூன் மாதம் நான் போட்ட ஒரு போத்தல் எண்ணெயின் பலன் அது என்று நினைக்கிறேன். திறப்பை மட்டும் கொஞ்சம் ஆட்டித் திருப்ப வேண்டும். மனைவிகூட ஒருநாள் பின்னால் இருந்து கேட்டார்: "இஞ்சருங்கோ, இந்தச் சீற் முந்தியை விட மெத்தெண்டு கிடக்கு, என்ன?" "நீர் மெலிஞ்சிட்டீர்," என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. இவ்வளவு அக்கறையோடு வைத்திருக்கும் வாகனத்தைத்தான் கைவிட்டதாகச் சபை சொல்கிறது.

செப்டெம்பர் 2ஆம் திகதி, கிளினிக் இல்லாத செவ்வாய், ஸ்கூட்டரையே சாட்சியாகக் காட்டுவோம் என்று அதை ஓடிக்கொண்டு சபைக்குப் போனேன். வாசற் காவலாளி கையை நீட்டி மறித்தார். "ஐயா, பொதுசனத்தின்ரை வாகனம் உள்ளுக்கை விட ஏலாது. இஞ்சை வாசலிலையும் ஏலாது." "அப்ப எங்கை விடுறது?" "அங்காலை, மதவடிக்குக் கிட்ட. எல்லாரும் அங்கைதான் விடுறவை." நூற்றைம்பது யார் தள்ளி, மதகுக்குப் பக்கத்து மதவடியில் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்தேன். தரிப்புத் தண்டம் பற்றிப் பேச வந்தவனுக்குத் தரிக்க இடமில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, குறித்து மட்டும் வைக்கிறேன். உள்ளே மூன்றாவது மேசையில் இருந்த எழுதுவினைஞர் பிரியவதனி என் கடிதத்தைப் படித்துவிட்டு, பரிசோதகர் மிஸ் வெளிக்களத்தில் என்று சொல்லி, தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டார். அந்த உரையாடலை அப்போதே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.

"மிஸ், அந்த ஸ்கூட்டர் ஐயா வந்திருக்கிறார். வண்டி ஓடுதாம். ... ஓம். ... ஓம் மிஸ்." பிறகு என்னைப் பார்த்து: "ஐயா, மிஸ் இப்ப துறையடியிலைதான் நிக்கிறா. உங்கடை ஸ்கூட்டருக்குப் பக்கத்திலையாம். சீற்றிலை கை வைச்சுக்கொண்டு கதைக்கிறாவாம்."

"பிள்ளை, நான் அதிலைதான் வந்தனான். இப்ப மதவடியிலை நிக்குது. வந்து பாரும்."

"நான் கவுண்டரை விட்டிட்டு வர ஏலாது ஐயா. நீங்கள் அதை இஞ்சை கொண்டு வாங்கோ."

"கொண்டு வரக் காவலாளி விடுறான் இல்லை."

"அது சட்டம் ஐயா," என்றார், உண்மையான கவலையோடு.

ஒரே ஸ்கூட்டர் ஒரே நேரத்தில் துறையடியிலும் மதவடியிலும் நின்றது என்பதுதான் சபையின் நிலைப்பாடு. காலை 10.15. மதவடிக்கு நடந்து போய், ஸ்கூட்டரில் ஏறி, துறைக்குத் திரும்பினேன். மிஸ் அதற்கிடையில் போய்விட்டார். வேப்பமரத்தின் கீழ் என் ஸ்கூட்டரை விட்டு, சாக்கைக் கட்டி, ஜசிந்தாவிடம் ஒரு பிளேன்ரீ குடித்தேன். "அண்ணை, இப்பதான் அந்தப் பிள்ளை இஞ்சை நிண்டு போனது. உங்களைத்தான் தேடினது," என்றார் ஜசிந்தா. "நானும் அவவைத்தான் தேடிப் போனனான்," என்றேன். "அப்ப ரெண்டு பேரும் தேடிக்கொண்டே இருங்கோ, நான் தேத்தண்ணி ஊத்துறன்," என்றார்.

இங்கே சபையின் பாரபட்சத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. உண்மையாகவே கைவிடப்பட்ட ஒரு ஸ்கூட்டர் அந்தத் துறையில் நிற்கிறது. ஜூலை 15ஆம் திகதி முதன்முதலாகக் கவனித்தேன். என்னுடையதைப் போல அதே ரகம், அதே சிவப்பு, ஆனால் பராமரிப்புக் கிடையாது. ஆசனத்தில் ஒரு வெள்ளை அரிசிச் சாக்கு. இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. தகடு உப்பும் இரும்புக் கறளும் மூடி வாசிக்க முடியாமல் இருந்ததால் இலக்கத்தை எழுதவில்லை. அது சரியாக நோயாளர் காவு வண்டி திரும்பும் இடத்தில் நின்றது. எழுவைதீவிலிருந்தோ எங்கள் தீவிலிருந்தோ ஒரு நோயாளியைப் படகில் கொண்டுவந்தால் வண்டி பின்னுக்கு வர இடமில்லை. அடுத்த நாளே சபைக்கு ஒரு பொதுநல முறைப்பாடு எழுதினேன். தகட்டைத் துடைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை பரிசோதித்து அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்றும், அதற்கும் அசையாவிட்டால் தண்டம் விதிக்க வேண்டும் என்றும், தண்டமும் கட்டாவிட்டால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போய்விட வேண்டும் என்றும், இப்படிப்பட்ட பொறுப்பற்ற ஆளுக்கு யாராயிருந்தாலும் தயவு காட்டக்கூடாது என்றும் படிப்படியாக வழி சொல்லியிருந்தேன். சபை பதில் போடவில்லை. அந்த ஸ்கூட்டரில் இப்போது மூன்று கடதாசி ஒட்டிக் கிடக்கிறது. என்னவென்று வாசிக்க நான் குனியவில்லை, அது அடுத்தவனுடைய விடயம். இன்னும் அது அதே இடத்தில் நிற்கிறது. பக்கத்தில் ஒழுங்காக நிற்கிற, ஓடுகிற என் ஸ்கூட்டருக்குத் தண்டம்.

இன்று தொலைபேசியில் நிலாந்தினியிடம் இதைக் கேட்டேன். "தங்கச்சி, என்ரை முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது?" கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயா, நீங்கள் எழுதினபடிதானே எல்லாம் செய்தனாங்கள்," என்றார். இதைவிட வெட்கமில்லாத ஒரு பதிலை முப்பத்துநாலு வருட நிருபர் வாழ்க்கையில் எந்த அலுவலகத்திலும் நான் கேட்டதில்லை. குரலில் மரியாதை இருந்தது என்பதையும் நேர்மைக்காகப் பதிகிறேன்.

முப்பத்துநாலு வருடம் யாழ்ப்பாணத்துத் தினசரி ஒன்றுக்குத் தீவுப்பகுதி நிருபராக இருந்தேன். அந்தக் காலத்தில் என் செய்திக்கு ஒரேயொரு திருத்தம் வெளிவந்தது. நெடுந்தீவில் வரட்சியில் இறந்த குதிரைகள் பன்னிரண்டு என்று எழுதினேன். பதினொன்றுதான் குதிரை, ஒன்று கழுதை. அடுத்த நாளே, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடச் செய்தேன். அப்படிப்பட்டவன், நடக்காத ஒன்றை நடந்தது என்று எழுதிய படிவத்தில் எப்படிக் கையொப்பம் வைப்பது? மனைவி நேற்று இரண்டு முறை சொன்னார்: "அதிலை ஒரு கையெழுத்தைப் போட்டு விடுங்கோவன் அப்பா. எனக்குக் கிளினிக்குக்குப் போனால் காணும்." "பொய்யெண்டு தெரிஞ்சு வைக்கச் சொல்லுறீரோ?" "நீங்கள் உண்மையை வைச்சிருங்கோ, நான் நடந்து போறன்," என்றுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். அன்று சோற்றோடு சொதி மட்டும்தான்.

இந்தக் கடிதம் தங்களிடம் வந்து சேர ஏழெட்டு நாளாகும் என்பது தெரியும். அதற்கிடையில் திங்களும் போய்விடும், செவ்வாயும் போய்விடும். இருந்தாலும் பதிவில் இருக்கட்டும். தண்டத்தை இரத்துச் செய்யும்படியும், ஓடும் ஸ்கூட்டர் எப்படி நின்றது என்பதற்குச் சபையிடம் விளக்கம் கோரும்படியும், வெள்ளைச் சாக்கு ஸ்கூட்டரின் உரிமையாளர் மீது, நான் முதலே எழுதியபடி, எந்தத் தயவும் காட்டாமல் நடவடிக்கை எடுக்கும்படியும் பணிவோடு கேட்கிறேன்.

தங்கள் மேசையில் கோப்புகள் குறையட்டும், தங்கள் முழங்கால்கள் நெடுநாள் நிலைக்கட்டும். தங்கள் வீட்டாருக்கு என் மனைவியும் வணக்கம் சொல்லச் சொன்னார். இந்தக் கடிதத்தில் தனக்கு உடன்பாடான ஒரேயொரு வரி இதுதான் என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
க. அரியநாயகம்
(ஓய்வுபெற்ற நிருபர்)

பிற்குறிப்பு: 05.09.2025, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.30, ஜசிந்தாவின் கடையில் இருந்து எழுதுவது.

மேலே உள்ள கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட இன்று காலைப் படகில் வந்தேன். வேப்பமரத்தின் கீழ் ஒருவர் என் ஸ்கூட்டரின் நீலச் சாக்கை அவிழ்த்துக்கொண்டு நின்றார். எங்கள் தீவுக்காரர்தான், வசீகரன், பதுளையில் இரும்புக்கடை வைத்திருப்பவர், சித்திரைக்கும் திருவிழாவுக்கும்தான் ஊருக்கு வருவார்.

"தம்பி, அது என்ரை வண்டி," என்றேன்.

"இல்லை அண்ணை, என்ரை."

"சாக்கைப் பாரும்."

"சாக்கு உங்கடைதான். வண்டி என்ரை. தகட்டைப் பாருங்கோ."

பார்த்தேன். ஜூலை முதலாம் திகதியிலிருந்து நான் ஓடிய ஸ்கூட்டரின் தகட்டை முதன்முதலாக இன்று காலை 9.05க்கு வாசித்தேன். அது என் இலக்கமல்ல. பிறகு வெள்ளைச் சாக்கு ஸ்கூட்டரிடம் போய்க் குனிந்தேன். அங்கே ஒட்டியிருந்த மூன்று கடதாசியிலும் என் பெயர் இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல். தகடு நன்றாகத் துடைக்கப்பட்டிருந்தது. அது என் இலக்கம்.

ஜசிந்தா கேத்திலோடு வெளியே வந்தார். "அண்ணை, காத்தடிச்ச அண்டைக்குச் சாக்கெல்லாம் நான்தான் பொறுக்கிக் கட்டினனான். ரெண்டும் சிவப்பு. கையிலை வந்ததை முன்னாலை நிண்டதிலை கட்டினனான்."

"என்ரை திறப்பு எப்பிடி இதுக்குப் போனது?"

"அண்ணை, அதின்ரை பூட்டுத் தேஞ்சு போச்சு," என்றார் வசீகரன். "கரண்டிக் காம்பைக் குடுத்தாலும் திறக்கும். சரி, சித்திரைக்கு ஹோர்னும் பிரேக்கும் புதுசாப் போட்டனான். எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றேன். "நான் எண்ணெய் போட்டதாலை எண்டு நினைச்சன்."

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். ஜசிந்தா பாடுபடவில்லை.

நிலாந்தினிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். "அப்பிடியோ ஐயா," என்று பெருமூச்சு விட்டார். "முறைப்பாடும் உங்கடை பேரிலை, வண்டியும் உங்கடை பேரிலை. ஒருத்தருக்கும் விளங்கேல்லை. பத்திரிகைக்காரர், சபை வேலை செய்யுதோ எண்டு சோதிச்சுப் பாக்கிறார், ஒரு சொல்லும் விடாமல் அப்பிடியே செய்யுங்கோ எண்டு தலைவர் சொன்னவர்." சபை செய்தது. என் முறைப்பாடு ஒன்று இப்படி முற்றுமுழுதாக நிறைவேற்றப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆகவே, எனது ஸ்கூட்டர் அந்த மூன்று திகதிகளிலும் சபை சொன்ன இடத்தில், சபை சொன்ன நேரத்தில், சபை சொன்னபடி அசையாமல் நின்றது. கிளினிக் கொப்பியின் முத்திரைகளும் உண்மை. அவை நான் வசீகரனின் ஸ்கூட்டரில் போனதற்குச் சாட்சி. மேலே கேட்ட முதல் இரண்டு கோரிக்கைகளையும் மீளப் பெறுகிறேன். மூன்றாவதில் "எந்தத் தயவும் காட்டாமல்" என்ற சொற்களை மட்டும் நீக்கி வாசிக்கவும்.

கடிதத்தைக் கிழித்துப் போடாமல் ஏன் அனுப்புகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். இதன் பிரதி ஒன்றை நேற்று மாலையே சபைக்கும் அனுப்பிவிட்டேன். பிழை போன இடத்துக்கெல்லாம் திருத்தமும் போக வேண்டும்.

நிலுவையில் உள்ளவை: ஞாயிறு காலை வசீகரன் காற்றடிக்கும் பம்பும் ஒரு புது பற்றரியும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கள் மூன்று மணிக்கு முன்னர் நான் சபையில் கையொப்பமிட வேண்டும். படிவத்தை வாசித்தேன், இப்போது அதில் பிழையான வசனம் ஒன்றுமில்லை. என் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகுமா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை. ஆகாவிட்டால் தன்னுடையதைக் கொண்டுபோகச் சொல்லி வசீகரன் வற்புறுத்துகிறார். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து மனைவிக்கு எல்லாம் சொன்னேன். "அப்ப நான் மெலியேல்லை," என்றார். பிறகு வாகனப் புத்தகத்தை எடுத்து, இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டதாகவும், செவ்வாய்க்கிழமை துறையில் தகட்டைத் தான் குனிந்து வாசித்த பிறகே ஏறுவதாகவும் அறிவித்தார். அந்த முழங்கால்களோடு அவர் எப்படிக் குனியப் போகிறார் என்பது, செவ்வாய் காலை 8.50க்குப் படகு வந்து சேரும்போது தெரியவரும்.

க. அ.